சப்பாத்துகளுக்கு ஒரு விளக்கு

சென்ற மாதம் பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறி வாங்கப் போன கடையில், முருங்கைக்காய்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் வாசல் விளக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பகல் வெயிலைக் குடித்துவிட்டு இருட்டியதும் தானே எரிகிற வகை. பெட்டியின் மேல் பிரெஞ்சில் பெரிய எழுத்தில் இருந்தது: வயர் வேண்டாம், எங்கும் பொருத்தலாம்.

வயர் வேண்டாம் என்பதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. நவம்பர் மாத ஈரமண்ணில் முழங்காலில் நின்று வயருக்குக் குழி தோண்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் ‘எங்கும்’ என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தேன். 2009 ஒக்டோபர் தொடக்கம் 2022 ஜூன் வரை நான் பார்த்த வேலை முழுவதும் அந்தச் சொல்லோடு நடத்திய வழக்குத்தான்.

அதே கிழமை, என்னோடு வேலை செய்த ஜெகன் தொலைபேசியில் வந்தான். அவன் இப்போதும் அதே விளக்குப் பொருத்தும் தொழிலில் இருக்கிறான். சனங்கள் விளக்கைத் தாங்களே வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே பூட்டுவது என்று மட்டும் கேட்கிறார்களாம். “அண்ணை, நீங்களும் பத்ரோனும் என்னண்டு இடம் பாத்தனீங்கள் எண்டு ஒரு பக்கத்திலை எழுதித் தாங்கோவன்” என்றான். பத்ரோன் எங்கள் முதலாளி. ஓம் என்றுவிட்டுப் பதினான்கு நாட்குறிப்புகளையும் அலுமாரியிலிருந்து இறக்கினேன். ஒரு பக்கத்தில் முடிகிற காரியமாகத் தெரியவில்லை.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். முதல் வரியில் கிழமை, இரண்டாவதில் பொழுது சாய்ந்த நேரம், மூன்றாவதிலிருந்து வேலை. பொழுது சாய்ந்த நேரத்தை எழுதும் பழக்கம் தொழிலோடு வந்தது; தொழில் போன பிறகும் போகவில்லை.

தொழிலுக்கு நான் பிந்தி வந்தவன். யாழ்ப்பாணத்தில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பாரிஸில் பல வருஷம் உணவகச் சமையலறைகளில் நின்றேன். முழங்கை நோவு வந்தபோது வைத்தியர் பெரிய சட்டிகளைத் தூக்க வேண்டாம் என்றார். நாற்பத்தொன்பதாவது வயதில் மின்வேலைப் பயிற்சிக்குப் போனேன். வகுப்பில் ஆசிரியரை விட எனக்கு மூன்று வயது கூட. ஒன்பது மாதத்தில் சான்றிதழ் கிடைத்தது. லா சப்பலில் ஒரு பின்முற்றத்தில் இயங்கிய சிறிய நிறுவனம் என்னை எடுத்தது. அதற்கு முதலாளி முசியே ரபாயேல். நாங்கள் எல்லாரும் அவரைப் பத்ரோன் என்போம்.

பத்ரோன் பாண்டிச்சேரிக்காரர், கத்தோலிக்கர், பிரெஞ்சுப் படையில் மின்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நீல வேலையுடுப்புக்குள் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். வாடிக்கையாளரின் கதவைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்வார். எவரையும் ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டதில்லை, துளைபோடும் இயந்திரம் மக்கர் பண்ணினால் அதையும் “என்னாங்க ஆச்சு உங்களுக்கு?” என்றுதான் விசாரிப்பார். வேலை பிழை என்றும் சொல்லமாட்டார். பிழைக்கு அவரிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது: “முசியே தயா, இன்னொரு தடவ வீட்டுக்கு வாங்க.”

அந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டது 2009 நவம்பரில், பாரிஸின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில். அந்த வருஷங்களில் எங்கள் சனம் மாடிக் குடியிருப்புகளை விட்டு, தோட்டம் வைத்த தனி வீடுகளுக்கு மாறத் தொடங்கியிருந்தது. பவியோன் என்று அந்த வீடுகளுக்குப் பெயர். பவியோன் வாங்கினால் முதலில் பால் காய்ச்சிக் குடிபூரல், அடுத்தது வாசல் விளக்கு. அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய ஒரு வீட்டில், கதவுக்கு மேலே நட்டநடுவில், மட்டம் பிடித்து, மில்லிமீற்றர் பிசகாமல் ஒரு விளக்கைப் பூட்டினேன். கணக்கு வாத்தியாரின் கை. சின்னப் பெருமையும் இருந்தது.

ஐந்தேகால் மணிக்கு, நன்றாக இருட்டிய பிறகு, பத்ரோன் வந்தார். விளக்கை அவர் பார்க்கவே இல்லை. வீட்டுக்காரரின் உருளைக்கிழங்குப் பைகள் இரண்டை என் கைகளில் மாட்டி, சாவிக்கொத்தையும் தந்து, தெருவுக்குப் போய் வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன், வந்தேன். கதவுக்கு முன்னால் குனிந்ததும் என் தலையின் நிழல் பூட்டின் மேல் விழுந்தது. சாவி பூட்டைச் சுற்றிக் கோலம் போட்டதே தவிர உள்ளே போகவில்லை. கதவிலுள்ள துளை வழியாக உள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பத்ரோன் கதவைத் திறந்து சொன்னார்: “தொப்பி ரொம்ப நல்லாத் தெரியுது. மூஞ்சி யாருதுன்னுதான் தெரியல. இன்னொரு தடவ வீட்டுக்கு வாங்க.”

அன்று ஆறு தரம் வீட்டுக்கு வந்தேன். மழையும் வந்தது.

ஜெகன் கேட்டது இதைத்தான் என்பதால், பத்ரோனின் முறையை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். முதல் நாள் துளைபோடும் இயந்திரம் வாகனத்தை விட்டு இறங்காது. இறங்குவது ஒரு தும்புத்தடிக் கம்பு, அதன் நுனியில் கட்டிய மின்கல விளக்கு, அந்த விளக்கின் முகத்தில் கேக் சுடும் தாள் ஒரு சுற்று. தாள் இல்லாவிட்டால் ஒளி ஊசியாகக் குத்தும், நிழல் பொய் சொல்லும். இருட்டத் தொடங்கும் நேரமாகப் பார்த்துப் போவோம். வீட்டுக்காரரை வெளியே அனுப்பி, தினமும் வருகிற மாதிரியே வரச் சொல்வார்: அதே பை, அதே குடை, சாவி எந்தக் கையிலோ அதே கை. தங்கள் வீட்டை விட்டுத் தங்களையே அனுப்புகிறார்களே என்று சனம் கூச்சப்படும், பிறகு விளையாட்டாகிவிடும். அவர்கள் வரும்போது ஒருவர் கம்பைப் பிடிக்க, மற்றவர் நிழலைப் பார்ப்பார். விளக்கு பெரும்பாலும் பூட்டு இருக்கும் பக்கம் வரும். உயரம், அந்த வீட்டில் நெடிய ஆளின் புருவத்துக்கு மேல் ஒரு சாண். படி இருந்தால் ஒளி படியின் விளிம்பில் விழவேண்டும், கண்ணில் விழக்கூடாது. கடைசியாக அயல்வீட்டு மணியை அடித்து, அவர்கள் படுக்கையறைச் சன்னலில் நின்று பார்க்க அனுமதி கேட்பார். எல்லாம் சரி என்றால் சுவரில் வெண்கட்டியால் ஒரு புள்ளி, பக்கத்தில் திகதி.

நான் நிறைய வாசிக்கிறவன். வீடு திரும்பும் மனிதர்களைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் வாசித்திருக்கிறேன். கடல் கடந்து, போர் கடந்து வருகிறார்கள். ஆனால் கதவுக்கு முன்னால் சாவியோடு தடவுகிற அந்த அரை நிமிஷத்தை எழுதியவர்களை நான் கண்டதில்லை. பத்ரோன் தன் சீவியத்தை அந்த அரை நிமிஷத்துக்கே கொடுத்திருந்தார்.

அவருடைய முறையும் சறுக்கியிருக்கிறது. 2011 மார்ச்சில் ஒரு வீட்டுக்கு முன்வாசலில் மூன்று விளக்கு வைத்தோம். கலியாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்கார அம்மா பூரித்துப்போனார். அடுத்த வருஷம் வேறு வேலையாக அங்கே போனால், முன்வாசல் விளக்குகளில் சிலந்தி குடித்தனம் நடத்துகிறது. விசாரித்தபோது அவர் சிரித்துக்கொண்டே, ஆராவது வந்தால்தான் முன்கதவு, தாங்கள் எல்லாரும் கராஜ் பக்கத்தாலைதான் போய்வருவது என்றார். கராஜ் வாசலில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அவருடைய மகன் கைத்தொலைபேசியை வாயில் கவ்விக்கொண்டு பூட்டைத் திறக்கிறான். அன்றிலிருந்து பத்ரோன் தன் கேள்வியைத் திருத்திக்கொண்டார்: “விருந்தாளி மாதிரி வராதீங்க. யாரும் பாக்காதப்ப எப்பிடி வருவீங்களோ அப்பிடி வாங்க.”

இனிக் குகநேசன் வீட்டுக்கு வருகிறேன். பதின்மூன்று வருஷத்தில் எங்களுக்கு மிகவும் தண்ணி காட்டிய வேலை அதுதான்.

குகநேசனை எனக்கு முன்பே தெரியும். லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் மரக்கறிப் பகுதி அவருடைய ராச்சியம். கத்தரிக்காயைக் கையில் எடுத்தாலே எத்தனை நாள் காய் என்று சொல்லிவிடுவார். என்னை விட நாலைந்து வயது இளையவர். 2012இல் ஓல்னேயில் பவியோன் வாங்கினார். 2014 ஜனவரியில் ஒரு மாலை, வேலையால் வந்து, தன் வீட்டுப் படியில் விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அப்போதுதான் கண்ணைச் சோதித்தார்கள். பரம்பரையாக வருகிற நோய், மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரே எனக்குச் சொன்னது இது: “பகலிலை நான் ராசா, தயா அண்ணை. பொழுதுபட்டா குழாய்க்குள்ளாலை பாக்கிற மாதிரி. முன்னுக்கு ஒரு வட்டம் தெரியும். சுத்திவர ஒண்டுமில்லை.”

தெருவில் அவருக்குச் சிக்கல் இல்லை. நகரசபை விளக்குகள் ஒழுங்காக நின்றன. ஸ்டேசனிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். சிக்கல் தன் கேற்றிலிருந்து தன் கதவுவரை. பதினொரு மீற்றர் பாதை, பிறகு நாலு படி. அவர் மனைவி ராணி மாலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தவர். விழுந்த பிறகு அதை விடியற்காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, பின்னேரம் ஸ்டேசனுக்குப் போய்க் கணவரைக் கூட்டிவந்தார். கோடையில் பொழுது பிந்திச் சாய்ந்ததால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றினார்கள்; வேலை விடுமுன்னரே இருட்டத் தொடங்கியது. அடுத்த நாளே ராணி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, இந்த மாரிக்குள்ளை ஒரு வழி பாக்கவேணும். இவர் வேலையை விடப்போறன் எண்டுறார். வீட்டை வித்துப்போட்டு லா கூர்னெவ் மாடிவீட்டுக்கே திரும்பிப் போவம் எண்டுறார். தன்ரை வீட்டுக்குத் தானா வரமுடியாத மனுசனுக்கு வீடு என்னத்துக்கு எண்டு கேக்கிறார். நான் என்ன சொல்ல?”

நவம்பர் முதல் கிழமை போனோம். அங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ராணியின் தம்பி, அத்தான் மேல் உள்ள அன்பில், ஆள் நடமாட்டம் கண்டதும் எரியும் பெரிய விளக்கு ஒன்றைக் கதவுக்கு மேல் பூட்டியிருந்தார். விளையாட்டு மைதானத்தில் பூட்டத்தக்க சாமான். பத்ரோன் குகநேசனை வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் கேற்றைத் திறந்து மூன்று அடி வைத்ததும் விளக்கு வெடித்த மாதிரி எரிந்தது. அவர் அந்த இடத்திலேயே நின்றார், கையை முன்னால் நீட்டிக்கொண்டு.

நான் பத்ரோனிடம், பாதையின் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு விளக்கு வைத்தால் நிழலே இல்லாமல் செய்துவிடலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை. வாகனத்துக்குப் போய், ஒரு கறுப்புக் கண்ணாடியும் அலுமினியத் தாள் சுற்றிவரும் இரண்டு மட்டைக் குழாய்களும் எடுத்துவந்து என்னிடம் தந்தார். கண்ணாடியை மாட்டி, குழாய்களைக் கண்ணில் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வரவேண்டும். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது எனக்குத் தெரியாது. பிறகு ராணி சொல்லித்தான் தெரியும். நான் கேற்றுக்குள் வந்தேன். பெரிய விளக்கு எரிந்தது. குழாயின் வட்டம் முழுக்க வெள்ளையாகியது. பாதை, படி, கதவு எல்லாம் அந்த வெள்ளைக்குள் போய்விட்டன. ரோசாச் செடியொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னும் ரெண்டு வைக்கலாமா?” என்று கேட்டார் பத்ரோன்.

பெரிய விளக்கை அன்றே கழற்றினோம். இருட்டினால் தானே எரிந்து, விடிந்தால் தானே அணையும் சின்ன விளக்குகள் ஐந்தைப் பாதையோரம் முழங்காலுக்குக் கீழே வைத்தோம். எல்லாவற்றுக்கும் தொப்பி உண்டு, ஒளி நிலத்தில் மட்டும் விழும். ஐந்தும் வலது பக்கம் மட்டுமே. இரண்டு பக்கமும் வைத்தால் குழாய்க்குள்ளால் பார்க்கிறவருக்கு எது எந்தப் பக்கம் என்று குழம்பும், ஒரு பக்கம் என்றால் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு வரலாம். தெருவிளக்கின் வெளிச்சத்தை விட எதுவும் கூடாமல் அளந்தோம். படிகளில் ஒளியை வலது சுவரிலிருந்து சரிவாக விழவிட்டு, விளிம்புகளில் வெள்ளைப் பட்டி ஒட்டினோம். நாலு படிக்கு நாலு வெள்ளைக் கோடு. பூட்டின் பக்கம் ஒரு சின்ன விளக்கு. வயருக்கான குழி ராணியின் வெந்தயக்கீரைப் பாத்தியை ஊடறுத்துப் போனது. போனால் போகட்டும், கீரை திரும்ப முளைக்கும் என்றார். நான்கு நாள் வேலை. தினமும் நாலு மணிக்கு அவர் தேத்தண்ணிக்குக் கூப்பிட, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குடித்துவிட்டு வருவேன். இதை நினைவில் வைத்திருங்கள்.

நவம்பர் இரண்டாவது செவ்வாய், குகநேசன் தனியாக வந்தார். நாங்கள் வரவேற்பறையில் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலோரம் நின்றோம். கேற் திறந்தது. ஒரே சீரான நடை. ஒண்டு, இரண்டு, மூண்டு, நாலு என்று படியை எண்ணும் சத்தம் கேட்டது. சாவி முதல் தரத்திலேயே பூட்டுக்குள் போனது. உள்ளே வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கொழுவினார். ராணிதான் பேசினார்: “ஸ்டேசனுக்குப் போகத் தேவையில்லை எண்டு என்ரை காலுக்கு இன்னும் தெரியேல்லை அண்ணை. அரைமணித்தியாலமா மேல்கோட்டோடை நிக்கிறன்.”

சுவரில் திகதி போட்டோம். நாட்குறிப்பில் ‘முடிந்தது’ என்று எழுதினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அவர்கள் மகள் அபிராமியின் கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிள்ளைகள் இருவரும் எப்போதோ முடிவெடுத்துவிட்டிருந்தார்கள். பெரியவர்கள் கூடி, தாங்களே கண்டுபிடித்த மாதிரி அதைப் பேசி முடிக்கவேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை கடையில் சனம் நெருக்கும் நாள் என்பதால் குகநேசன் ஐந்தரைக்கு மேல்தான் வரமுடியும். மகளும் ராணியும் ஸ்டேசனுக்கு வருவதாகச் சொல்ல, வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். சம்பந்தியாக வரப்போகிறவர்களுக்கு முன்னால் தன் கதவைத் தானே திறந்துகொண்டு வரவேண்டும் என்பது அவர் ஆசை.

திங்கட்கிழமை நாங்கள் போனபோது அவரே நடந்ததைச் சொன்னார்.

“லட்டுப் பெட்டியோடை வாறன். அஞ்சு விளக்கும் வடிவா எரியுது. படிக்கு வந்தா, படியைக் காணேல்லை அண்ணை. சப்பாத்துக்கடைதான் கிடக்கு. வெள்ளைக் கோடு ஒண்டுமில்லை. எங்கை காலை வைக்கிறது? உள்ளுக்கை சிரிச்சுக் கதைக்கிற சத்தம் கேக்குது. கூப்பிட வெக்கம். திரும்பிப் போய்க் கேற்றடியிலை நிண்டிட்டன்.”

எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

“கால் மணித்தியாலம் இருக்கும். பேந்து மாப்பிள்ளையின்ரை தேப்பன் போன் கதைக்க வெளியிலை வந்தவர், என்னைக் கண்டிட்டு, ‘ஆரைத் தேடுறியள்?’ எண்டு கேட்டார். என்ரை வீட்டுக் கேற்றிலை நிக்கிற என்னட்டை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. வீட்டை விற்கும் பேச்சு மறுபடி தொடங்கியிருந்தது என்று ராணியின் முகத்திலேயே தெரிந்தது.

பதினேழு சோடி என்றார் ராணி. படிகளுக்கு மேலே கண்ணாடிக் கூரை இருந்ததால் சப்பாத்து நனையாது. அதனால் வந்தவர்கள் எல்லாரும் நாலு படியிலும் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டார்கள். பத்ரோன் தன் குறிப்புப் புத்தகத்தை விரித்துப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “இது என் நோட்டுல இல்ல.” அவர் வீட்டில் சப்பாத்தை உள்நடையில் கழற்றுவார்கள். எனக்கு அந்தச் சாட்டுக் கிடையாது. நான்கு நாள் அதே படியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தவன் நான். வீட்டுக்காரர் தனியாக வருவதை ஆறு விதமாகச் சோதித்தோம். எங்கள் வீடுகளில் நாலு பேர் வந்தால் வாசல் என்னவாகும் என்று நான்தான் நினைத்திருக்கவேண்டும்.

ராணி ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டலாம் என்றார். குகநேசன் கேட்கவில்லை. “வாற சம்பந்திக்கு வாசலிலை சட்டம் எழுதி ஒட்டுறதோ? நல்லாயிருக்கு.” அந்த வெள்ளிக்கிழமையே கார்த்திகை விளக்கீடு. மாப்பிள்ளை வீட்டாரை அன்றைக்கும் அழைத்திருந்தார்கள். அதற்குள் செய்யவேண்டும்.

அந்தச் செவ்வாய் மாலை லா சப்பலில் ஒரு மண்டபத்தில் தெரிந்தவர் வீட்டு விசேஷம். நான் உள்ளே போகாமல் வாசலில் ஒதுங்கி நின்று, சனம் எங்கே சப்பாத்தைக் கழற்றுகிறது என்று பார்த்தேன். அரைமணித்தியாலம் பார்த்ததில் இரண்டு விஷயம் தெளிவாகியது. சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிகிறவர், நாடா கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் குனிகிறார். முதல் சோடி எங்கே கிடக்கிறதோ அங்கேதான் இரண்டாவது சோடி வருகிறது. குகநேசன் வீட்டில் நாடா நன்றாகத் தெரியும் இடம் எது? நாங்கள் அவ்வளவு கவனமாக வெளிச்சம் போட்ட படிகள். சப்பாத்துகளை அங்கே அழைத்ததே நாங்கள்தான்.

அடுத்த நாள் பத்ரோனிடம் சொன்னேன். படிக்கு இடது பக்கம், அதே கண்ணாடிக் கூரையின் கீழ், உட்கார ஒரு தாழ்ந்த வாங்கு, ஒரு பாய், முழங்கால் உயரத்தில் படிகளை விட ஒரு மடங்கு கூடிய மஞ்சள் விளக்கு, படிப்பக்கம் ஒளி சிந்தாமல் அதற்கு ஒரு மறைப்பு. சப்பாத்துகளுக்கென்று ஒரு விளக்கு. ராணியின் பழைய சப்பாத்து இரண்டு சோடி அங்கே முதலிலேயே கிடக்கவேண்டும்.  பத்ரோன் தன் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பி, என்னை இன்னொரு தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். ஐந்து வருஷத்தில் அவர் என் சொல்லை எழுதியது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை பூட்டினோம். அன்று சாமான் கொண்டுவந்த சாரதி, ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே, நேராக அந்த வாங்குக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றினார். பத்ரோன் என்னைப் பார்த்துக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

விளக்கீட்டு நாள், வெள்ளிக்கிழமை. எங்களையும் அழைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது ஐந்து மணிக்குச் சற்று முன்னால். நான் எல்லாருக்கும் முதல் போய், பாதை விளக்குகளைப் பார்த்து, படியில் ஏறி இறங்கி, பூட்டுப் பக்கத்தைப் பார்த்து, திருப்தியோடு உள்ளே போனேன். ராணி மதிலின் மேல் சிட்டி விளக்குகளை வரிசையாக ஏற்றினார். ஒன்றும் படிப்பக்கம் வரக்கூடாது என்று குகநேசன் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஐந்தேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சன்னலால் எட்டிப் பார்த்தேன். பெரியவர் முன்னால் வந்தார், படியைப் பார்த்தார், மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தார், வாங்கில் போய் அமர்ந்து நாடாவை அவிழ்த்தார். பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் அவர் வழியே போனார்கள்.

ஐந்தே முக்காலுக்குக் கேற் சத்தம் கேட்டது. வரவேற்பறையில் எல்லாரும் எதையோ பேசுகிற மாதிரி இருந்தோம். ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழுந்திராது. பாதையில் நடை சீராக வந்தது. படி. ஒண்டு. இரண்டு.

மூன்று வரவில்லை.

ராணி எழும்பினார். பத்ரோன் மெதுவாகக் கையைக் காட்டி அவரை மறித்தார். அபிராமி பலகாரத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே ஏதோ உரசும் சத்தம். பிறகு, கொஞ்சம் உரத்த குரலில், மூண்டு. நாலு. சாவி திரும்பியது.

குகநேசன் உள்ளே வந்தார். ஒரு கையில் லட்டுப் பெட்டி. மற்றக் கையில், நாடாவில் தூக்கிப் பிடித்த ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து.

“ஆற்றை இது?” என்று சபையைப் பார்த்துக் கேட்டார். “மூண்டாம் படியிலை கிடந்தது. வெள்ளைக் கோடு நடுவிலை அறுந்து கிடக்கு, என்னடா எண்டு குனிஞ்சு பாத்தா, இது. சம்பந்தி வீட்டுச் சப்பாத்தெல்லாம் அங்காலை ஒழுங்கா இருக்குது. இதுக்குச் சொந்தக்காரர் மட்டும் ஆரப்பா?”

நான் என் கால்களைப் பார்த்தேன். சாம்பல் நிறக் காலுறை.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் தகப்பன். “உவர் லைற் பூட்டினவர் எல்லோ?” என்று அவர் கேட்டதும் வீடே சிரித்தது. ராணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். குகநேசன் சப்பாத்தை என் மடியில் வைத்து, “தயா அண்ணை, இனி நான் வீட்டை விக்கமாட்டன். விக்கப்போனா வாறவனுக்கு இந்தக் கதையையும் சொல்லவேண்டி வரும்” என்றார்.

பத்ரோன் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து பிடித்தார்.

“முசியே தயா, இன்னொரு தடவ வீட்டுக்கு வாங்க.”

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கேற்றுக்குப் போய், ஐந்து விளக்கையும் கடந்து, இடது பக்கம் திரும்பி, வாங்கில் இருந்து, நாடாவை அவிழ்த்து, சம்பந்தி வீட்டுப் பதின்மூன்று சோடிக்கும் அடுத்ததாக வைத்துவிட்டு உள்ளே வந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜெகன் கேட்டதற்கு இதுதான் பதில். அந்த நாளின் குறிப்பை அப்படியே கீழே எழுதுகிறேன். இதை விடச் சுருக்கமாக எனக்கு வராது.

வெள்ளி. பொழுது சாய்ந்தது: ஐந்துக்கு முன். மூன்றாம் படி, கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி, அளவு நாற்பத்திரண்டு. வைத்தவர்: நான். கண்டவர்: குகநேசன்.